எந்தக் குடும்பத்தைக் கேட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூக்குத் தண்டனைக் கைதி ஒருவரின் கருணை மனுவை நிராகரித்து அவரைத் தூக்கிலிட வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி: "பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள், ஒருவர்கூட மன்னிப்பு என்று பேச மாட்டார்கள்." அதைப் பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள். தம்பியைக் கொலையில் பறிகொடுத்தவள் நான். பாதிக்கப்பட்ட குடும்பம் என்று நீங்கள் சொல்வது எங்களைப் போன்றவர்களைத்தான். எங்களை யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட குடும்பங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததா? கோட்சேயைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டவர்கள் காந்தியின் மகன்கள் மணிலாலும் ராம்தாசும். அரசு கேட்கவில்லை, 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒடிசாவில் 1999இல் கணவரையும் இரண்டு சின்னப் பையன்களையும் வண்டியோடு வைத்து எரித்தவர்களை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியின் தூக்கு 2000இல் ஆயுளாகக் குறைந்ததே, அதற்குப் பின்னால் சோனியா காந்தியின் வேண்டுகோள் இருந்தது. இதையெல்லாம் உங்கள் பத்திரிகையில்தான் படித்தோம்.

எல்லாக் குடும்பமும் மன்னிக்கும் என்று நான் சொல்லவில்லை. மகளைக் கொன்றவன் சாக வேண்டும் என்று அழுத தாய்மாரோடு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் கோபத்தில் தப்பே கிடையாது. என் அம்மாவும் ஆரம்பத்தில் அப்படித்தான் பேசினாள். ஆனால் அந்தக் கோபத்தை எடுத்து நீங்கள் கட்டுரைக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். அது எங்களுடையது.

எங்கள் மேல் இவ்வளவு அக்கறை இருந்தால் அதைக் காட்டுவதற்கு உங்களுக்கு வாய்ப்பு இருந்தது. தம்பி இறந்த மறுநாள் உங்கள் நிருபர் வீட்டுக்கு வந்தார். அவன் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உருவிக்கொண்டு போனார். நாளைக்கே தருகிறேன் என்றார். ஆல்பத்தில் அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது, நாலு மூலையிலும் பசைத் தடம் மட்டும். வந்த செய்தியில் தம்பியின் பெயர் தப்பு. கொலைக்குக் காரணம் பெண் விவகாரம் என்று சந்தேகம் கிளப்பியிருந்தீர்கள். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போனவன் அவன். அம்மா உங்களுக்குக் கடிதம் எழுதினாள். திருத்தம் வரவில்லை.

அப்புறம் வழக்கு. வாய்தாவுக்கு மேல் வாய்தா. அரசு வழக்கறிஞர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். தம்பியின் பைக் வழக்குச் சொத்து என்று ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, சீட்டுக்குள் செடி முளைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2008 திருத்தத்திலேயே வந்துவிட்டது. அப்படி ஒன்று இருப்பதை எங்களிடம் ஒரு அதிகாரி சொல்லவில்லை, ஒரு பத்திரிகை எழுதவில்லை. தம்பி மனைவி கைக்குழந்தையோடு வேலைக்குப் போனாள். அப்போதெல்லாம் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஒன்று இருந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. தூக்குக்கு ஆள் சேர்க்கும்போது மட்டும் எங்கள் நினைவு வருகிறது.

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் பலருக்குக் குறை, தூக்கு வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று. வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். செஷன்ஸ் கோர்ட் தூக்கு கொடுத்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். பிறகு உச்ச நீதிமன்றம், மறுசீராய்வு, ஆளுநர், குடியரசுத் தலைவர். ஒவ்வொரு படியிலும் உங்கள் நிருபர் வந்து மைக்கை நீட்டியிருப்பார். அம்மா அத்தனை வருஷமும் இன்னொருவன் சாவதற்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பாள். ஆயுள் என்று தீர்ப்பு வந்ததும் வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் தம்பியின் சின்ன வயதுக் குறும்புகளைப் பேச ஆரம்பித்தாள். அதுவரை வீட்டில் பேச்செல்லாம் அவன் செத்ததைப் பற்றியே இருந்தது.

நீதிமன்றம் தப்பே செய்யாது என்ற தொனியிலும் அந்தக் கட்டுரை போகிறது. நாசிக் பக்கம் 2003இல் நடந்த கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்து ஆறு பேருக்குத் தூக்கு. 2009இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேரையும் தூக்கிலிடச் சொன்னது. அதே உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது 18 வயதுகூட நிரம்பாதவர். தாக்குதலில் பிழைத்த தாய் போலீஸ் காட்டிய படங்களில் வேறு நாலு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நாலு பேரை யாரும் விசாரிக்கவே இல்லை. ஆறு பேரும் 16 வருஷம் உள்ளே இருந்தார்கள். அதற்குள் கயிறு முந்தியிருந்தால் அந்தத் தாய்க்கு எந்த நீதி கிடைத்திருக்கும், சொல்லுங்கள்.

ஒரே கொலை வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டு, ஒருவர் மனு ஒரு அமர்வில் தள்ளுபடியாகி, இன்னொருவர் தண்டனை வேறு அமர்வில் குறைக்கப்பட்ட கதையும் உண்டு. ஜீதா சிங் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். காஷ்மீரா சிங் பிழைத்தார். ஜீதாவோடு அதே நாளில் தொங்க வேண்டிய ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் மனு போட்டதால் தடை கிடைத்தது. அபூர்வத்திலும் அபூர்வமான வழக்கில் மட்டும் தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் தீர்ப்பில் சொல்லி வைத்திருக்கிறார்கள். எது அபூர்வம் என்பது யார் பெஞ்சில் போய் விழுகிறோம் என்பதைப் பொறுத்து இருக்கிறது.

ராஜீவ் கொலை வழக்கிலேயே தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளன் விஷயத்தை நான் சொல்லவே வேண்டாம். 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் சேர்க்காமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013இல் சொன்னார். அந்தத் தேதியில் தூக்கிலிட்டிருந்தால் அந்த அதிகாரியின் மனசாட்சியால் யாருக்கு என்ன பயன்? அவர் அம்மா அற்புதம்மாள் அலைந்ததை நீங்களும் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். அப்போது தூக்கு தப்பு, இப்போது சரியா? அல்லது இப்போது இருப்பவருக்கு அலைவதற்கு அப்படி ஒரு அம்மா இல்லையே என்பதுதான் வித்தியாசமா?

உங்கள் கட்டுரை சொல்லும் அந்தக் கைதி செய்தது கொடூரம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவரை வெளியே விடச் சொல்லியும் நான் கேட்கவில்லை. தண்டனைக் குறைப்பே இல்லாமல் ஆயுள் முழுக்க உள்ளே வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஷ்ரத்தானந்தா வழக்கிலேயே வழிகாட்டியிருக்கிறது. பயங்கரவாத வழக்குகள் தவிர மற்றவற்றில் தூக்கை எடுத்துவிடலாம் என்று 2015இல் சட்ட ஆணையமே பரிந்துரைத்தது. ஆணையம் கருத்துக் கேட்டபோது தூக்கு வேண்டாம் என்று எழுதியவர்களில் நம்முடைய அப்துல் கலாமும் ஒருவர். கருணை மனுக்களோடு குடியரசுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒருவர் மனுவை நிராகரித்து, அவர் தூக்கிலிடப்பட்டதையும் பார்த்தவர்.

அந்தக் கைதியின் உயிரைக் காக்கச் சொல்லி, கொலையில் உறவை இழந்த சிலர் சேர்ந்து குடியரசுத் தலைவருக்கு மனு அனுப்பியிருக்கிறோம். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அம்மா கைநாட்டு வைத்திருக்கிறாள். இப்போது அவளுக்குக் கை நடுங்குகிறது, எழுத வராது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். "ஒருவர்கூட" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரைக்குக் கீழே "தூக்கிலிடலாமா, வேண்டாமா" என்று வாசகர்களை ஓட்டுப் போடச் சொல்லியிருக்கிறீர்களே, அதன் முடிவை வெளியிடாமல் விட்டுவிடுங்கள். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி