புகைக்கும் விடுமுறை, வெயிலுக்கும் விடுமுறை, பாடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாணவர்கள் பதாகை ஏந்திப் பசுமை ஊர்வலம் சென்ற படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் முகத்தில் இருந்த உற்சாகம் மகிழ்ச்சி தந்தது. ஆனால் பருவநிலை மாற்றம் என்றாலே ஊர்வலம், ஓவியப் போட்டி, மரக்கன்று என்று நின்றுவிடுகிறோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். தில்லியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் மயூர் விஹாரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மாலையில் பாடம் கேட்க வருகிறார்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளின் பள்ளி நாட்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டருக்கு உயர்ந்து, 1978-இல் எட்டிய 207.49 மீட்டரைத் தாண்டியது, பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் புகை தாங்காமல் குளிர்கால விடுமுறையை முன்கூட்டியே விட்டார்கள். 2024 மே மாதத்தில், அதுவரை இயங்கிக்கொண்டிருந்த பள்ளிகளையும் வெப்ப அலை காரணமாக உடனே மூடச் சொன்னது அரசு. நவம்பரில் மறுபடி புகை; வகுப்புகள் கைப்பேசித் திரைக்குப் போயின. இத்தனைக்கும் நடுவில் வளரும் பிள்ளை, "ஏன் மிஸ் இப்படி?" என்று கேட்டால், பதில் இருந்த பாடத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

2022-இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, தேசிய அளவில் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பல பகுதிகளை நீக்கியபோது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் சுற்றுச்சூழல் பிரச்சினைகள் பற்றிய அத்தியாயம் முழுவதுமாகப் போனது. பத்தாம் வகுப்பு அறிவியலில் இயற்கை வளங்களை நீடித்து நிற்குமாறு பேணுவது பற்றிய அத்தியாயமும் போனது. கொரோனாவால் பிள்ளைகள் வகுப்பறையையே காணாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்த நேரம் அது. சுமையைக் குறைக்க நினைத்ததைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் போனது என்ன தெரியுமா? கரியமில வாயு போன்றவை வெப்பத்தைப் பிடித்துவைத்துப் புவியைச் சூடாக்கும் பசுமை இல்ல விளைவு அந்த உயிரியல் அத்தியாயத்தில்தான் விளக்கமாக இருந்தது. தில்லியின் பஸ்கள் அனைத்தும் 2002-க்குள் சி.என்.ஜி. என்ற இயற்கை எரிவாயுவுக்கு மாறிய கதையும் அதில்தான் இருந்தது. நீதிமன்றம் தலையிட்டு, அரசு பணிந்து, ஒரு நகரம் தன் காற்றைச் சீர்செய்ய முயன்ற வரலாறு அது. பத்தாம் வகுப்புப் பாடத்திலோ நாட்டின் பாரம்பரிய நீர்நிலைகளை வரிசைப்படுத்தும்போது தமிழ்நாட்டு ஏரிகளும் இடம் பெற்றிருந்தன. தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தாத்தா ஊர் ஏரி எதற்காக வெட்டப்பட்டது என்று தெரிவதற்கு அந்த ஒரு வரியாவது இருந்தது.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உத்தரவிட்டது 1991-இல். பருவநிலை மாற்றம் குறித்து உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவும் பருவநிலைக் கல்வியைப் பற்றியதுதான். அதில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது.

"இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, பாடம் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் தில்லிப் புகையும் புவி வெப்பமாதலும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். புகை, நல்ல காற்றடித்தாலோ மழை பெய்தாலோ கலைந்துவிடும். கரியமில வாயுவின் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கும். ஆனால் இரண்டுக்குமே நாம் எரிக்கும் நிலக்கரியும் டீசலும் பெரிய காரணம். இந்த உறவையும் வேறுபாட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும். மழையையும் அப்படியே சொல்லித்தரலாம். 2024 ஜூன் 28 அன்று தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜூன் மாதம் முழுவதற்கும் தில்லியின் சராசரி சுமார் 74 மில்லிமீட்டர்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்று சொல்லி, இந்த இரண்டு மழை எண்களையும் கரும்பலகையில் எழுதினால் போதும். கணக்கைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

சென்ற கோடையில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு மாணவிகளிடம் ஆளுக்கொரு அறை வெப்பமானி கொடுத்தேன். ஒருத்தி நான்காம் மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே, மற்றவள் தரைத்தளம். அதற்குச் சற்று முன்புதான் தில்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி பதிவானதைப் பற்றிப் பேசியிருந்தோம். 2024 மே மாதம் நாடே பதறிய எண் அது. கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருந்தது என்று வானிலைத் துறை பிறகு தெரிவித்தது. ஆகவே பெண்கள் இருவரும் முதலில் இரண்டு வெப்பமானிகளையும் ஒரே மேசைமேல் வைத்து, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்தார்கள். பிறகு இரவு பத்து மணிக்கு அவரவர் வீட்டில் குறித்தார்கள். நான்காம் மாடி நோட்டில் எண் எப்போதும் அதிகம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் இரவில்தான் அதை வெளியே விடுகிறது என்பதைப் புரிந்துகொண்டு, மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஹிந்தியில் மனு எழுதினார்கள். அளந்த எண்களை அட்டவணையாக்கி இணைத்திருந்தார்கள். தரைத்தளத்துப் பெண்ணும் அதில் கையெழுத்திட்டாள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சங்கம் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு பெண்களும் இனி எந்த அதிகாரியின் முன்னாலும் கையில் கணக்கோடுதான் போய் நிற்பார்கள்.

இந்தக் கல்வி வசதியுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற பெரிய வடிகாலின் கரையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதி, 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. நாலா அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அது நகரின் மறுகோடியில், நரேலாவில். பள்ளியும் தோழர்களும் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்றான பிள்ளைக்கு, மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது, நாலா எங்கே தொடங்கி எங்கெங்கே குறுகுகிறது, கரையில் யார் யாருடைய கட்டடங்கள் நிற்கின்றன என்று கேட்கவும் வரைபடத்தைப் பார்த்து வாதாடவும் தெரிய வேண்டும். அந்த அறிவு அவர்களுக்குத்தான் முதலில் போய்ச்சேர வேண்டும்.

ரிதிமா பாண்டே என்ற சிறுமி ஒன்பது வயதில், 2017-இல், பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசின் நடவடிக்கை போதாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார். 2019-இல் அது தள்ளுபடியானது. அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நம் பிள்ளைகளுக்கும் அந்தத் துணிவு உண்டு. அவர்களிடம் உருகும் பனிமலையையும் மூழ்கும் தீவையும் காட்டிப் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்புவது கல்வி ஆகாது.

தேர்வில் வராத பாடத்துக்கு எந்த ஆசிரியரும் பீரியட் ஒதுக்கமாட்டார். அந்த நெருக்கடியில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ஆம் தேதியோ தில்லியில் கோடை விடுமுறைக்குள் வந்துவிடுகிறது. ஜூலையில் பள்ளி திறந்ததும் சார்ட் பேப்பர் ஒட்டிக் கடனைக் கழித்துவிடுகிறோம். புதிய கலைத்திட்டத்தின்படி பாடநூல்கள் மாற்றி எழுதப்பட்டு வரும் நேரம் இது. நீக்கிய இரண்டு அத்தியாயங்களும் புதிய தரவுகளோடு, மதிப்பெண்ணோடு, உயர்வகுப்புப் புத்தகங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று தில்லித் தமிழ் அமைப்புகளும் பெற்றோரும் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். உங்கள் இதழ் அதற்கு முன்கை எடுக்கும் என்று நம்புகிறேன்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வாரம் ஒரு நூலகப் பீரியட் போதும். பழைய பதிப்புப் புத்தகங்கள் என்னிடம் சில இருக்கின்றன; உங்கள் அலுவலகம் வழியாக எந்தப் பள்ளி கேட்டாலும் கொடுத்தனுப்புகிறேன். வகுப்பெடுக்க ஆள் இல்லை என்றால் நானே வருகிறேன். வெப்பமானிகளையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
மயூர் விஹார், தில்லி.