எழுதியவர் பெயரையும் போடுங்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருடங்களாக காமெடி நிகழ்ச்சிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். போன மாதம் ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த அம்மா, போனில் ஒரு ஸ்கிட் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமியார், மருமகள், தீர்ந்துபோன கேஸ் சிலிண்டர். நான் எழுதியதுதான். கடைசி கவுன்டர் விழவில்லை என்று ஷூட்டிங் அன்று மேக்கப் ரூம் வாசலில் நின்றபடி மூன்று தடவை மாற்றியிருந்தேன். “யார் எழுதினது தெரியுமாம்மா?” என்றேன். நடித்தவர் பெயரைச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. அந்தத் துண்டு வீடியோவில் என் பெயரே கிடையாது. முழு எபிசோடில் உண்டு. ஆனால் ரோலிங் டைட்டில் வந்ததும் திரையைச் சுருக்கி, பக்கத்தில் அடுத்த நிகழ்ச்சியின் புரோமோவை ஓட்டிவிடுகிறீர்கள்.

மேடை எழுத்தாளனை இப்படி மறைத்ததில்லை. கிண்டியில் இன்ஜினீயரிங் படித்த மோகன், 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினார். அந்த நாடகத்தின் பெயரே அவருக்கு முன்பெயராக ஒட்டிக்கொண்டது. 1979-ல் சொந்தக் குழு, பிறகு டிவி தொடர்கள், சினிமா வசனம். எங்கே போனாலும் ‘கிரேஸி மோகன்’ என்ற பெயர் கூடவே போனது. 2019-ல் அவர் மறைந்தபோது ஊரே அவர் வசனங்களைச் சொல்லித்தான் அஞ்சலி செலுத்தியது. எழுதியது யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்ததே, அதனால்தான். அவரும் பெயரின் அருமை அறிந்தவர். சின்ன வயதில் தன்னை மேடையேற்றிய ஜானகி டீச்சரின் பெயரைத் தன் கதாநாயகிகளுக்கு வைத்துக்கொண்டே இருந்தார்.

சம்பளப் பேச்சை இங்கே எடுக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, எழுத்தை விற்றுவிட்ட பிறகும் ‘இது என்னுடையது’ என்று சொல்லும் உரிமையை எழுதியவருக்கே விட்டுவைத்திருக்கிறது. நான் கேட்பது எபிசோட் தொடக்கத்தில் மூன்று விநாடி. வெட்டிப் போடும் ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு வரி.

எங்கள் டீமில் புதிதாக ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான். முதல் எபிசோட் ஒளிபரப்பான இரவு, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்ப டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் போட்டோ எடுத்தான். ஏழு எடுத்தும் அவன் பெயர் கலங்கலாகவே விழுந்தது. அதில் ஒன்றைத்தான் அனுப்பினான்.

இப்படிக்கு,
உங்களுக்காக எழுதுகிறவன்