சரவாக் உட்பகுதிக்குச் சாலை வருகிறது. நில உரிமை எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கின் உட்பகுதிச் சாலைத் திட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சாலை போய்ச் சேர்ந்துவிட்டால் ரெஜாங், பாலே, பாராம் ஆற்றங்கரைகளில், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் குடியிருக்கும் நீளவீடுகளில் வாழும் ஈபான், காயான், கெனியா, பெனான் ஆகிய பூர்வகுடி மக்களின் பின்தங்கிய நிலை தானாகவே மாறிவிடும் என்ற தொனி அதில் இருந்தது. காப்பிட் வட்டாரத்தில், ஆற்றங்கரையில் இருந்த தொடக்கப்பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோயாளியைப் படகில் கிடத்தி, பெட்ரோலுக்குக் காசு திரட்டி, இருட்டுவதற்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று ஒரு வீடே பதறுவதைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த மக்களின் நிலத்தை அளந்து உரிமையை ஆவணமாக்குவது சாலைக்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை என்பதையும், அது பின்தள்ளப்பட்டால் சாலையின் பலன் வேறு யாருக்கோ போய்விடும் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மலேசியாவின் மிக நீளமான ஆறான ரெஜாங், 560 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சிபுவிலிருந்து காப்பிட் நகருக்குச் செல்ல நெடுங்காலம் எக்ஸ்பிரஸ் படகுதான் ஒரே வழியாக இருந்தது. கனோவிட், சோங் வழியாகச் சாலை வந்தது அண்மை ஆண்டுகளில்தான். காப்பிட்டுக்கு மேலே பெலாகூஸ் பாறைகளைத் தாண்டி பெலாகா வரை படகில் போக வேண்டுமானால், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வறட்சி மாதங்களில் படகுச் சேவையே நின்றுவிடும். 2010 அக்டோபரில் மலைச்சரிவில் அடித்து வரப்பட்ட வெட்டுமரங்களும் கிளைகளும் ஆற்றைப் பல பத்து கிலோமீட்டர் தூரத்திற்கு மூடிக்கொண்டு, போக்குவரத்து முடங்கியது. மரம் வெட்டிய இலாபம் எங்கெங்கோ போக, மிச்சக் கட்டைகள் மட்டும் அந்த மக்களின் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தன.

பல நீளவீடுகளுக்கு ஒரே பள்ளி என்பதால், ஏழு வயதுக் குழந்தைகளும் பள்ளி விடுதியில் தங்கித்தான் படிக்கிறார்கள். மரப்பலகைக் கட்டடங்கள் பழுதுபட்டுக் கிடப்பதும், டீசல் தீர்ந்தால் ஜெனரேட்டர் நின்று விளக்கு அணைந்துவிடுவதும் அங்கே யாருக்கும் புதிய செய்தி இல்லை. தீபகற்ப மலேசியாவிலிருந்து அனுப்பப்படும் இளம் ஆசிரியர்கள், வந்த நாள் முதல் இடமாற்ற விண்ணப்பத்தைப் பற்றியே பேசுவார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் முன்வரவில்லை. பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள், அங்கிருந்து பிந்துலு, மிரி, ஜொகூர் என்று வேலைக்குப் போகிறார்கள், பிறகு திரும்பி வருவதற்குக் காரணம் குறைந்துகொண்டே போகிறது.

நான் பழகிய நீளவீட்டின் பொதுத் திண்ணையான ருவாயில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தால், பூட்டிய கதவுகளே அதிகம் கண்ணில் படும். திறந்திருக்கும் வீடுகளில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை. வெளித்தளத்தில் பாய் விரித்து, பறித்த மிளகைக் கொட்டியிருப்பார்கள். வெயில் ஏற ஏறப் பச்சை கறுத்துச் சுருங்கும், மழை இருட்டினால் பாட்டிமார் ஓடிவந்து பாயோடு சுருட்டி உள்ளே இழுப்பார்கள். மலேசிய மிளகில் மிகப் பெரும்பகுதி சரவாக்கில் விளைவது. உலகச் சந்தையில் விலை சரிந்தால், அந்தப் பாயில் கிடக்கும் மிளகுக்குக் கிடைக்கும் பணம் படகுச் செலவுக்கே சரியாகப் போய்விடும். மலைநெல்லும் ஆற்றுமீனும் காட்டுக்கீரையும் இருப்பதால் பசி இல்லை. ஆனால் கையில் காசு புழங்குவதில்லை.

இந்த வாழ்க்கையைத் தாங்கி நிற்பது நிலம், அந்த நிலத்தின் மீதான உரிமையோ இன்றும் உறுதியாக இல்லை. 1958 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் காடு திருத்திப் பயிரிட்டதாக நிறுவினால்தான் பூர்வகுடி மரபுரிமை நிலம் என்று ஏற்கும் முறையைச் சரவாக் நிலச் சட்டம் கொண்டுவந்தது. பயிரிட்ட கழனிக்கு அப்பால், தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கும் பிரம்புக்கும் வீடுகட்டும் மரத்துக்கும் ஒதுக்கி வைத்த பொதுக்காட்டின் மீதான உரிமைக்குச் சட்ட வலிமை இல்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதையடுத்து 2018-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு சமூகம் அதிகபட்சம் 1,000 ஹெக்டர் வரை உரிமை கோர வழி செய்யப்பட்டது. பெரிய நீளவீடுகளின் பாரம்பரியக் காட்டுக்கு அது போதாது என்ற குறை இருந்தாலும், அந்த அளவையாவது நில அளவையாளர் வந்து எல்லைக்கல் நட்டு ஆவணமாக்கித் தந்தால்தான் அது உரிமை ஆகும். அளக்கப்படாத நிலத்தின் வழியே சாலை போனால், அடுத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமும் வெட்டுமர லாரியும் வரும். 'இது எங்கள் நிலம்' என்று சொல்பவர் நீதிமன்றப் படியேறி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

முதலில் உறுதிமொழி, அப்புறம் ஆவணம் என்ற வரிசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பாகுன் நீர்மின் அணை கண்கூடான சான்று. 2,400 மெகாவாட் ஆற்றல் கொண்ட அந்த அணைக்காக, பாலுய் ஆற்றோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 10,000 பேர் 1998 முதல் சுங்கை அசாப் மறுகுடியேற்றத்திற்கு மாற்றப்பட்டார்கள். ஆற்றையும் காட்டையும் நம்பி வாழ்ந்த குடும்பத்திற்கு அங்கே 3 ஏக்கர் நிலம். தந்த வீட்டுக்கோ ஐம்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் விலை வைக்கப்பட்டது. அங்கே தார்ச்சாலை உண்டு, பள்ளி உண்டு, மருந்தகம் உண்டு, ஆனால் பிழைப்பு போதவில்லை என்று இளையோர் அங்கிருந்தும் பிந்துலுவுக்குத்தான் போனார்கள். மாறாக, தங்கள் ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்துப் பாராம் மக்கள் 2013 அக்டோபர் முதல் வழிமறித்து இரவு பகலாகக் காவல் இருந்ததன் பலனாக, அன்றைய முதலமைச்சர் அடெனான் சாத்தெம் பாராம் அணைத் திட்டத்தை நிறுத்தினார். அதற்காகப் பறிக்கப்பட்ட நில உரிமைகளும் 2016-இல் திருப்பித் தரப்பட்டன. வழிமறித்து உட்கார்ந்தால்தான் உரிமை கிடைக்கும் என்ற நிலை எந்த அரசுக்கும் பெருமை சேர்ப்பதில்லை.

மின்சாரத்திற்குப் பேரணைதான் வேண்டும் என்பதும் இல்லை. அசாப்புக்குப் போக மறுத்து லோங் லாவென் என்ற இடத்தில் தங்கிவிட்ட கெனியா மக்கள், சிற்றோடை ஒன்றில் சிறிய நீர்மின் நிலையம் அமைத்துத் தங்கள் வீடுகளுக்கு விளக்கேற்றிக்கொண்டார்கள். மின்கம்பி எட்டாத ஊர்களுக்குச் சூரிய ஒளித் தகடும் மின்கலமும் தரும் மாநில அரசின் திட்டம் 2016 முதல் நடந்து வருவது பாராட்டுக்குரியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறப்பைப் பதிய நகரம் வரை போக முடியாமல், அடையாள அட்டை இல்லாமலேயே வளர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பெனான் மக்களிடையே இது நெடுநாள் பிரச்சினை. அட்டை இல்லாதவர் தேர்வுக்கும் வேலைக்கும் நில உரிமைக்கும் எப்படி விண்ணப்பிப்பார்?

இதெல்லாம் போர்னியோ காட்டு விவகாரம், நமக்கென்ன என்று தங்கள் வாசகர்கள் கருதக்கூடாது. மூன்று தலைமுறை ரப்பர் பால் வெட்டி வாழ்ந்த தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு, தோட்டம் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லாமல் வெளியேறிய மலேசியத் தமிழ்ச் சமுதாயம் நம்முடையது. குடிமக்களுக்குரிய நீலநிற அடையாள அட்டைக்காக அலைந்த பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள்.

எனவே, சாலை போடுவதற்கு முன்பே நில அளவையையும் ஆவணப் பதிவையும் மாநில அரசு முன்னெடுக்க வேண்டும். அதற்குரிய காலம் ஜூன் 1-ஆம் தேதி வரும், இம்மக்களின் அறுவடைத் திருநாளான கவாய் பெருநாளை ஒட்டிய வாரங்களே. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் அப்போதுதான் நீளவீட்டுக்குத் திரும்புகிறார்கள். எந்த ஓடை எந்தக் குடும்பத்தின் எல்லை என்று அறிந்த முதியவர்களும், படிவம் நிரப்பத் தெரிந்த இளையவர்களும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். பெருநாள் கொண்டாட்டம் முடிந்ததும், அவர்கள் மீண்டும் பிரிந்து போவதற்குள், நில அளவையாளரும் பதிவு அதிகாரிகளும் ஒரே படகில் போய்ச் சேரட்டும். ஆண்டுதோறும் இப்படிச் செய்ய ஏற்பாடு வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சம்பந்தப்பட்டவர்களின் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஈப்போ