ஜோடி என்று விற்ற செஸ்ட்நட் கன்றுகள் இரண்டும் ஒரே ரகம்: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம். முதல் ஐந்தும் மின்னஞ்சல். ஐந்துக்கும் "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை, புகார் சொன்னேன். அதனால் இந்த முறை தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

விஷயம் சிக்கலானதே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் "காய்க்கும் ஜோடி" என்று உங்களிடம் இரண்டு செஸ்ட்நட் ஒட்டுக்கன்றுகள் வாங்கினேன், முள்ளுருண்டைக்குள் தின்னும் கொட்டை காய்க்கும் மரம். ஒன்றில் பூஷ் த பெத்திசாக் என்று ரகத்தின் பெயர் அட்டை கட்டியிருந்தது. மற்றதில் பெல் எபீன், அதாவது மகரந்தம் தர வேண்டியது. இன்று என் தோட்டத்தில் நிற்பது இரண்டுமே பெத்திசாக்.

செஸ்ட்நட் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்துதானே ஜோடியாக விற்கிறீர்கள்? அதிலும் பெத்திசாக்கின் ஆண்பூவில் மகரந்தமே கிடையாது. பக்கத்தில் வேறு ரகம் பூக்காவிட்டால் அது நிழல் மரம்தான். ஒட்டுக்கன்று எல்லாமே ஒரே தாய்மரத்தின் நகல் என்பதால் பெத்திசாக்குக்குப் பக்கத்தில் இன்னும் நூறு பெத்திசாக் நட்டாலும் பலனில்லை. இது உங்கள் சரக்கு. உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

போன கோடையில் இரண்டு மரமும் பூத்தன. மகரந்தம் தரும் மரமென்றால் பூச்சரத்தில் மகரந்தத் தாள்கள் நூல் நூலாக நீட்டி, பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். நான் இரண்டு மரத்துச் சரங்களையும் உள்ளங்கையில் தட்டினேன். ஒரு துளி தூள் இல்லை. இலையுதிர் காலத்தில் முள்ளுருண்டைகள் விழுந்தபோது கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பிளந்தேன். உள்ளே மும்மூன்று கொட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் மும்மூன்று சப்பைத் தோல்கள். நாற்பத்தேழு உருண்டை பிளந்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

சரி, தொலைபேசியில் கேட்போம் என்று அழைத்தேன். முதலில் பேசியவர் தண்ணீர் ஊற்றுகிறேனா என்று கேட்டார். இரண்டாமவர் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும் என்றார். செஸ்ட்நட்டுக்குச் சுண்ணாம்பு மண் ஆகாது, லேசான அமில மண்தான் வேண்டும் என்பதால் நடும் முன்பே மண்ணைச் சோதித்துவிட்டேன், அமில-கார அளவு (pH) 5.8. வேரில் நீர் தேங்கினால் அழுகல் வரும் என்று மேடு கட்டித்தான் நட்டிருக்கிறேன். சொன்னேன். வேறு பிரிவுக்கு மாற்றினார்.

அந்தப் பிரிவில் இருந்தவரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "மரம் உயிரோட இருக்கு இல்ல? பூவும் பூக்குது. கொட்டை வேணும்னா கடையில வாங்கிக்கோங்க." வைத்துவிட்டார். நான் கையில் ஃபோனோடு அப்படியே நின்றேன். கடையில் வாங்க எனக்குத் தெரியாதா? அதற்காகவா பத்து மீட்டர் இடைவெளி விட்டு, தோட்டத்தில் பாதியை ஒழித்துக் கொடுத்தேன்? இந்த நேரத்துக்கு நூறு கிலோவாவது எடுத்திருப்பேன். இளமரத்தில் அவ்வளவு வராது என்பீர்கள். வராதுதான். ஒரு கிலோ கூட வரவில்லையே!

அப்புறம் அந்தப் பயணம். ஒரு கிளையும் சில உருண்டைகளும் கொண்டு வந்தால் ரகத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்று எழுதியது நீங்கள்தான், நகல் இணைத்திருக்கிறேன். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தேன். வெளியிலிருந்து செஸ்ட்நட் கிளை எதுவும் உள்ளே வரக்கூடாது, நோய்த்தடுப்பு விதி என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விதி சரியானதுதான். பட்டையில் பற்றும் பூஞ்சை ஒன்று 1904-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கச் செஸ்ட்நட் காடுகளையே அழித்த கதை எனக்கும் தெரியும். அப்படியானால் கொண்டு வரச் சொன்னது ஏன்? காவலாளி மட்டும் மனிதராக நடந்துகொண்டார், உட்கார நாற்காலி தந்தார். உங்கள் ஆட்கள் ஒருவர் கூட வெளியே வரவில்லை.

மறந்துவிட்டேன், இதைவிட மோசமான ஒன்று. மூன்றாவது மின்னஞ்சலுக்கு நீங்கள் அனுப்பிய "உங்கள் மரத்தை அறியுங்கள்" படத்தில் விரல் விரித்த கைபோல் ஏழு இலைகள். அது குதிரைச் செஸ்ட்நட், அதன் கொட்டை நஞ்சு. இவற்றுக்குள் உறவு பெயரில் மட்டும்தான். நான் வளர்ப்பதில் ஒற்றை இலை, நீளமாக, ஓரத்தில் ரம்பப் பல். உங்கள் படத்தை நம்பி யாராவது அந்தக் கொட்டையைத் தின்றால் பொறுப்பு யாருடையது?

உத்தரவாதம் ஓராண்டுதான், முடிந்துவிட்டது என்கிறீர்கள். ஒட்டுமரம் காய்க்கவே மூன்று, நான்கு ஆண்டு ஆகும்போது ஓராண்டில் நான் எதைக் கண்டுபிடிப்பது? கன்று பட்டுப்போனது என்றா நான் சொல்கிறேன்? வேறு பெயர் அட்டை கட்டி விற்றீர்கள் என்கிறேன்.

இன்னமும் உங்களைப் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை. கன்றுகள் நல்ல திடமானவை, அதை மறுக்க மாட்டேன். அதனால் தயவுசெய்து இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். நான் வாங்கிய வயதுக் கன்று அல்ல, நான்கு வயதுள்ள உண்மையான பெல் எபீன் ஒன்றைக் கொண்டு வந்து நட்டுத் தாருங்கள். இல்லையென்றால் ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒருவரை அனுப்பி, இரண்டாவது மரத்தின் கிளைகளில் பெல் எபீனை ஒட்டுக்கட்டித் தாருங்கள். கூடவே, கடைக்குப் போகச் சொன்னவர் எனக்கு ஒரு வரி மன்னிப்பு எழுத வேண்டும்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் ரசீது, அட்டைகளின் படம், உங்கள் ஐந்து நன்றிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றம் போவேன்.

இப்படிக்கு,
இரண்டு பெத்திசாக் மரங்களின் உரிமையாளர்

பி.கு.: ஒட்டுக்குச்சியை மரம் உறங்கும் குளிர்காலத்தில்தான் வெட்டி வைக்க வேண்டும். நீங்கள் இழுத்தடித்தால் எனக்கு இன்னொரு ஆண்டு போகும். பிளக்காத உருண்டைகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். கையுறை கொண்டு வரச் சொல்லுங்கள்.