விதைநிதியை மார்ச் 31-இல் லேப்ஸ் ஆக்காதீர்கள்: துணைவேந்தருக்கும் நிதிக்குழுவுக்கும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், நிதிக்குழு, ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. உள்ளக ஆய்வு நிதி, அதாவது புதிய ஆய்வைத் தொடங்கப் பல்கலைக்கழகமே தன் ஆசிரியர்களுக்குத் தரும் விதைநிதி, பெற்றவர்கள் மார்ச் 15-க்குள் எல்லா பில்களையும் நிதிப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும். மார்ச் 31-இல் மிச்சமிருக்கும் தொகை லேப்ஸ் ஆகிப் பொதுக்கணக்குக்குத் திரும்பும். முழுத் தொகையும் உரிய வேலைக்கே செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் தராதவர்களுக்கு இரண்டாம் தவணை இல்லை. முதல் தவணை எங்களுக்கு விடுவிக்கப்பட்டது ஜனவரி கடைசியில். பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்பும் உங்கள் மேசைகளைத் தாண்டித்தான் வந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். விதைநிதியின் காலத்தை நிதியாண்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பணம் விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதம் கொடுங்கள்.

ஒரு கோப்பு நடக்கும் பாதையைப் பாருங்கள். ஆகஸ்டில் விண்ணப்பம். துறைக்குழு பார்த்து ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பும். அங்கிருந்து வெளி வல்லுநரின் மதிப்பீடு, பிறகு நேரில் விளக்கவுரை, நவம்பரில் நிதிக்குழு, டிசம்பரில் ஆட்சிக்குழு, பொங்கலை ஒட்டி ஒப்புதல் ஆணை. ஐந்து மாதம் கோப்பு நடக்கிறது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. பொதுப்பணம் என்றால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஐந்து மாதமும் எங்கள் கணக்கில்தான் கழிகிறது. ஜனவரி 25-இல் பணம் வந்தது என்று வைத்துக்கொண்டால் மார்ச் 15 வரை இருப்பது 49 நாள். மூன்று கொட்டேஷன் வாங்க 15 நாள். ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, கொள்முதல் குழுவைக் கூட்டி, ஆர்டர் எழுத 10 நாள். கம்பெனியின் கையிருப்பில் உள்ள பொருளே வந்து சேர ஒரு மாதம். 55 நாள் ஆகிவிட்டது. பொருளைச் சரிபார்த்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பில்லின் பின்புறம் சான்றெழுதும் நாள்களை இன்னும் சேர்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய உதிரிப்பாகமோ நிறப்பிரிகைக் குழலோ என்றால் பேச்சே இல்லை.

இது கொள்முதலின் கதை. ஆய்வின் கதை இதைவிட மோசம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்க் காவிரியில் சேருகிற ஆறு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று பொறுப்போடு சொல்ல ஒரு நாள் அள்ளிய தண்ணீர் போதாது. கோடையில் ஒரு சுற்று, தென்மேற்குப் பருவத்தில் ஒன்று, வடகிழக்குப் பருவத்தின் முதல் வெள்ளத்தில் ஒன்று, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒன்று எனக் குறைந்தது நான்கு சுற்று வேண்டும். இவற்றில் முதல் வெள்ளம்தான் உயிர்நாடி. கோடை முழுக்கக் கரையிலும் சாக்கடையிலும் படிந்து கிடந்ததை அதுதான் அரித்துக்கொண்டு வரும். அந்த ஓரிரு நாளைத் தவறவிட்டால் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு சுற்றுக்கு 12 இடம் என்று வையுங்கள். இடத்துக்கு மூன்று பாட்டில்: உலோகத்துக்கு கால் லிட்டர், நைட்ரேட் முதலியவற்றுக்கு கால் லிட்டர், உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவுக்கு) ஒரு லிட்டர். உலோகத்துக்கான பாட்டிலை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசி, முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். ஆற்றங்கரையிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் நீரை வடித்து, அமில-கார அளவான பி.எச். 2-க்குக் கீழே வரும்வரை அமிலம் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்த பாட்டில் ஆறு மாதம் தாங்கும். நைட்ரேட்டுக்கான பாட்டில் அப்படித் தாங்காது. 4 டிகிரி குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். ஆக்சிஜன் தேவைக்கான நீரை அன்றே, மிஞ்சினால் மறுநாளே, 27 டிகிரியில் மூன்று நாள் அடைகாக்க வைக்க வேண்டும். ஜவ்வரிசி ஆலைக் கழிவு கலக்கும் இடமென்றால் சயனைடுக்குத் தனிப் பாட்டில்; ஜவ்வரிசி செய்யும் மரவள்ளிக் கிழங்கிலேயே அது உண்டு. அந்தப் பாட்டிலில் அமிலம் பட்டால் சயனைடு வாயுவாகி வெளியேறும். அளவும் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. அதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச். 12-க்கு மேல் ஏற்ற வேண்டும்.

இத்தனையும் மழை வருகிற அன்று நடக்க வேண்டியவை. ஐஸ் பெட்டி அன்று வேண்டும், வண்டி அன்று வேண்டும், நம்மிடம் இல்லாத கருவிக்காக வெளி ஆய்வகத்துக்கு மாதிரிக்கு இவ்வளவு என்று முன்பணம் அன்று கட்ட வேண்டும். பணம் மார்ச் 31-இல் திரும்பிப் போய்விட்டது. அடுத்த தவணை அடுத்த ஜனவரியில். நடுவில் அக்டோபர் வருகிறது, ஆற்றில் வெள்ளம் போகிறது, கழுவி அடுக்கிய பாட்டில்கள் ஆய்வக அலமாரியில் இருக்கின்றன. அல்லது உதவித்தொகைகூட இல்லாத ஆய்வு மாணவர் தன் வீட்டுப் பணத்தில் வண்டி பேசிப் போகிறார். அந்தச் செலவுக்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் பில் போட முடியாது, ஏனென்றால் செலவான தேதியில் திட்டக் கணக்கில் பணம் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரில் வெளிவரும் ஆய்வுக்கு ஒரு மாணவர் கைக்காசு போடுவது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறோம்.

சரி, மார்ச்சுக்குள் எப்படித்தான் செலவாகிறது? அதையும் திறந்து சொல்கிறோம். எது சீக்கிரம் வருமோ அது வாங்கப்படுகிறது. டோனர், கண்ணாடிக் குடுவை, ஒரு வருடத்துக்கான ரசாயனம். மரபணுவைப் படியெடுக்கும் பி.சி.ஆர். வேலைக்கான நொதி மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டும். கோடையில் இரவு மின்சாரம் நின்று உறைபெட்டி இளகினால் அதை நம்ப முடியாது. பல பரிசோதனை கிட்டுகளின் ஆயுள் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். மார்ச்சில் வாங்கியதை நவம்பரில் பிரித்தால் தேதி முடிந்திருக்கும். தேதி முடிந்த கிட்டில் வந்த அளவை எந்த நல்ல ஆய்விதழும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. கணக்கில் பார்த்தால் 100 சதவீதம் செலவு, சான்றிதழும் சரியாக இருக்கும். ஆய்வு மட்டும் நடந்திருக்காது. விதியை மதித்து நடப்பவரின் பணம்தான் இப்படி வீணாகிறது என்பதுதான் எங்களை வருத்துகிறது.

மலைமேல் போனாலும் இதேதான். ஏற்காட்டுக் காபி மார்ச், ஏப்ரலில் விழும் முதல் மழைக்குப் பின் பூக்கிறது. அரபிகா பழம் நவம்பர், டிசம்பர் வாக்கில் பறிப்புக்கு வருகிறது. காபிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு பறக்கும் காலம் ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-டிசம்பர் ஒன்று. காப்புக்காடு வழியாகப் போக வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். ஒப்புதல் ஆணையின் நகல் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. பிப்ரவரியில் எழுதிப்போட்டால் அனுமதி கைக்கு வரும்போது திட்டம் முடிந்து போயிருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இந்த மாவட்டத்தில் மரவள்ளி போடுகிறவர் முதல் எல்லோருக்கும் தெரிந்த பாடம். விதைநிதி என்று பெயர் வைத்துவிட்டுத் தையில் விதைத்து, பங்குனி பிறந்ததும் அறுத்து, பங்குனி பாதியில் களத்தைக் கூட்டிவிட வேண்டும் என்றால் எந்தப் பயிர் விளையும்?

நிதிப் பிரிவில் கேட்டால் சொல்லும் பதில் ஒன்று: தணிக்கையில் தடை வரும். உள்ளாட்சி நிதித் தணிக்கையின் மீது எங்களுக்கும் மரியாதை உண்டு. ஆனால் அரசின் ஆண்டு ஒதுக்கீடு மார்ச் 31-இல் காலாவதியாவதற்குச் சட்டமன்றம் ஆண்டுக்கு ஆண்டு வாக்களித்துப் பணம் ஒதுக்குவதுதான் காரணம். உள்ளக ஆய்வு நிதி அந்த வகைப் பணமல்ல. தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம் போன்ற சொந்த வருவாயிலிருந்து நாமே ஒதுக்கிக்கொண்டது. மாணவர்களின் காப்புத்தொகை மார்ச் 31-இல் லேப்ஸ் ஆவதில்லை. அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான வைப்புநிதி லேப்ஸ் ஆவதில்லை. ஓய்வூதிய நிதியும் ஆவதில்லை. அவற்றையெல்லாம் வைத்திருப்பதுபோல விதைநிதியையும் குறிப்பிட்ட நோக்கத்துக்கான தனிநிதியாக வைத்தால் போதும். இப்போது அது ஆண்டுச் செலவினத் தலைப்பின் கீழ் இருப்பதால்தான் லேப்ஸ் ஆகிறது. தலைப்பை மாற்றும் அதிகாரம் நிதிக்குழுவின் பரிந்துரையிலும் ஆட்சிக்குழுவின் தீர்மானத்திலும் இருக்கிறது. சென்னைக்குக் கோப்பு போக வேண்டியதில்லை. மத்திய அரசின் ஆய்வுத் திட்டங்களிலும் ஆண்டுதோறும் மார்ச் 31-க்குச் செலவுக் கணக்குக் கேட்கிறார்கள். ஆனால் மூன்றாண்டுத் திட்டம் மூன்றாண்டும் திட்டமாகவே இருக்கிறது.

இந்தத் தொகையை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம் என்று தோன்றலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் சிறு, பெரு ஆய்வுத் திட்டங்களுக்கு அழைப்பு வந்து பல ஆண்டுகளாகின்றன. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இனி பெரிய பணத்துக்கு அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். அங்கே வெறும் யோசனையோடு போனால் நிற்க முடியாது. இரண்டு பருவத்தின் முதற்கட்டத் தரவையாவது கையில் வைத்திருக்க வேண்டும். அந்தத் தரவைச் சேர்ப்பதற்குத்தானே விதைநிதி? உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் ஆசிரியர்களுக்குக் கொடுத்த விதைநிதியைக் கேட்கிறார்கள். நாமும் லட்சத்தில் எழுதி அனுப்புகிறோம். எழுதிய தொகையில் எவ்வளவு மார்ச் 31-இல் திரும்பிப் போனது என்பதையும் நிதிக்குழு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பேச ஆரம்பித்தால் வேறு குறைகளும் வரிசையாக வருகின்றன. 12 இடத்தின் நீர் மட்டும் 18 கிலோ. அமிலப் புட்டியும் ஐஸ் பெட்டியும் வேறு. பயணத் தலைப்பில் பேருந்துக் கட்டணம்தான் அனுமதி. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும் பேருந்தில் அமிலத்தோடு ஏற எந்த நடத்துநரும் விட மாட்டார், விடவும் கூடாது. பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18-இல் போய்விட்டது. 18 சதவீத வரி உள்ள கருவிக்கு ஒரு லட்சம் ஒதுக்கினால் 84,746 ரூபாய்க்குத்தான் கருவி, 15,254 ரூபாய் வரி. ஒதுக்கீட்டு உச்சவரம்பு அன்றிருந்ததேதான். ஆண்டுக்கணக்கில் இங்கே பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்கள் விண்ணப்பிக்கவே தகுதியில்லாதவர்கள். இவை ஒவ்வொன்றும் தனி மடலுக்குரியவை. இந்தக் கோரிக்கையின் மேல் எல்லாவற்றையும் ஏற்றிவைத்து உங்களுக்குச் சுமையாக்க விரும்பவில்லை. எனவே மன்னிக்க வேண்டி, சொல்ல வந்ததற்கே திரும்புகிறோம்.

அடுத்த நிதிக்குழுக் கூட்டத்தில் பின்வரும் வாசகத்தைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்கிறோம்:

"உள்ளக ஆய்வு நிதி தனிநிதியாகப் பராமரிக்கப்படும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கணக்கு எண் வழங்கப்படும். முதல் தவணை விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள் வரை செலவு அனுமதிக்கப்படும். ஒவ்வொரு மார்ச் 31-இலும் செலவு விவரமும் மீதித் தொகையும் அறிக்கையாகத் தரப்படும். மீதி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படும். ஆர்டர் கொடுக்கப்பட்டு நிலுவையில் உள்ள தொகை பொறுப்பேற்ற செலவாகக் கருதப்படும். முதல் தவணையில் முக்கால் பங்கு செலவானதும் இரண்டாம் தவணை விடுவிக்கப்படும். பயன்பாட்டுச் சான்றிதழ் திட்டம் முடிந்த மூன்று மாதத்துக்குள் தரப்படும்."

இதில் கூடுதலாக ஒரு ரூபாய்கூட நாங்கள் கேட்கவில்லை. கணக்கும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் முன் வரும். 24 மாதம் முடிந்தும் செலவாகாத தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எங்களுக்கு வழக்கில்லை.

தீர்மானம் வருவதற்கு நாளாகும் என்பது புரிகிறது. அதுவரை, போன வாரச் சுற்றறிக்கையின் இரண்டாம், மூன்றாம் பத்திகளை நிறுத்திவைத்து நிதி அலுவலர் ஒரு வரி உத்தரவு இட்டால் போதும். மார்ச் 15-க்கு முன் அந்த வரி துறைகளுக்கு வந்துவிட்டால் இப்போது அவசரமாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கொள்முதல் பட்டியல்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அக்டோபர் வெள்ளத்துக்கான பணத்தைத் தனியே எடுத்து வைப்போம்.

இப்படிக்கு,
உள்ளக ஆய்வு நிதி பெற்ற அறிவியல் துறை ஆசிரியர்கள்,
சேலம்