ஆய்வு மதிப்பீடு: ஞாயிறு இரவுக்குள் உங்கள் பட்டியல் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலையின் வரலாறு, கோட்பாடு, வாழ்வியல் பற்றி எழுதுகிற நம் ஆய்வுகளையும் பல்கலைக்கழக மதிப்பீட்டில் சரியாகக் கணக்கில் எடுக்கக் கேட்டு ஒரு மனு தயாராகிறது.

உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் 2018 முதல் கட்டடக்கலைக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஆனால் ஆய்வு வெளியீடுகளையும், அவற்றைப் பிற ஆய்வாளர்கள் எடுத்தாளும் மேற்கோள்களையும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளங்களிலிருந்துதான் எண்ணுகிறார்கள். கான்கிரீட் வலிமை பற்றிய கட்டுரைக்கு மேற்கோள் சீக்கிரம் சேரும். தாராசுரம் கோயிலின் கல்வெட்டையும் சிற்பத்தையும் சேர்த்து வாசிக்கிற ஆய்வுக்கு அப்படிச் சேராது. கும்பகோணத்துத் தெருக்களில் திண்ணையும் முற்றமும் இடிபடுவதற்கு முன் அளந்து வரைந்த வரைபடங்கள், வீட்டுக்காரர்களும் கொத்தனார்களும் சொன்னதைப் பதிவு செய்தது, தமிழில் எழுதிய நூல், இவையெல்லாம் அந்தத் தரவுகளில் இடம்பெறுவதே அரிது. அந்த வீடு போன பிறகு அந்த வரைபடம்தான் மிச்சம். அதற்கு மதிப்பெண் இல்லை என்பது அநியாயம்.

பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிடும் ஆர்இஎஃப் 2021 மதிப்பீட்டில் நூல்களையும் வடிவமைப்புகளையும் துறை அறிஞர்களே படித்து மதிப்பிட்டார்கள். அங்கேயும் கட்டடக்கலையை நகரத் திட்டமிடலோடு சேர்த்து, கலை, வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்கான குழுவில் வைக்காமல் சமூக அறிவியல் பக்கம்தான் வைத்திருந்தார்கள். ஆகவே மதிப்பிடும் குழுவில் கட்டடக்கலை வரலாறு தெரிந்தவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

உங்கள் நூல், வரைபடம், களப்பதிவு விவரங்களை ஞாயிறு இரவுக்குள் இங்கேயே போடுங்கள். தமிழில் எழுதியதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், ஆய்வு மாணவர்களின் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள். களத்தில் வெயிலில் நின்று அளந்தவர்கள் அவர்கள்தான்.