வெள்ளிக்கிழமை ஊசி

மேற்கு மாம்பலம், சென்னை
19 ஜனவரி 2026

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கனுப் பொங்கலன்று வந்து சேர்ந்தது. முழங்கால் மாற்று அறுவைக்கு முன்னால் பத்துக் கிலோவாவது குறைத்துக்கொண்டு வரும்படி மருத்துவர் சொன்னதையும், வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி அவரே பேச்செடுத்ததையும் எழுதி, "உனக்கு இதைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டிருந்தாய். தெரியும். ஆறு மாதமாக நானே அதைப் போட்டுக்கொண்டு வருகிறேன். தீபாவளிக்குப் பேசியபோது "குரலே இளைத்திருக்கிறதே" என்று நீ கேட்டதற்கு, ஜலதோஷம் என்று சொல்லித் தப்பித்தேன். நாற்பது வருடப் பழக்கத்தில் உன்னிடம் நான் மறைத்தவை மிகச் சில. இதுவும் அவற்றில் ஒன்றாகிவிட்டது. பொறுத்துக்கொள்.

சென்ற ஜூலையில் என் எடை 86 கிலோ. உயரம் உனக்குத் தெரியும், 158 சென்டிமீட்டர். கல்லீரலில் கொழுப்பு, இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பது என்றிருந்த நாட்கள் அவை. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கில் மேல்நாட்டாருக்கு 30 என்பது உடல் பருமன் என்றால் நமக்கு 25-லேயே அந்தப் பெயர் வந்துவிடுகிறது என்றும், நம்மவர்களுக்கு வயிற்றில் கொழுப்பு சேர்வதும் சர்க்கரை வருவதும் குறைந்த எடையிலேயே தொடங்கிவிடுவதுதான் அதற்குக் காரணம் என்றும் மருத்துவர் விளக்கினார். என் கணக்கு 34-ஐத் தாண்டியிருந்தது. டிர்செபடைட் என்னும் மருந்தை எழுதிக் கொடுத்தார். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்ததே, அதுதான்.

இதன் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து சில ஹார்மோன்கள் சுரந்து, மூளையிடம் போதும் என்று சொல்கின்றன. வயிறு காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. இயற்கையில் சுரக்கும் அவை சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அவற்றைப் போல நடித்து, ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்படி செய்யப்பட்டதே இந்த ஊசி. இந்த வகை மருந்துகளில் முதலாவதாக 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அங்குள்ள பாலைவனத்தில் வாழும் ஹீலா என்ற பெரிய பல்லியின் எச்சிலில் கண்டெடுத்த பொருளை அடிப்படையாகக் கொண்டதாம். பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிய உன் பாட்டி இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

முதல் நான்கு வாரம் 2.5 மில்லிகிராம், பிறகு 5. அப்போது சின்னக் குப்பியில்தான் கிடைத்தது. சிரிஞ்சில் உறிஞ்சித் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளிக் குத்திக்கொள்ள வேண்டும். இப்போது பேனா வடிவத்தில் வரும் ஊசி, நான்கு வாரத்துக்கு ஒரு பேனா. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, போன வாரம் இடப்பக்கம் என்றால் இந்த வாரம் வலப்பக்கம் என்று காலண்டரில் குறித்ததைப் பார்த்து, பேனாவின் திருகைத் திருப்பி, ஊசியை இறக்கி அழுத்தியபடி மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். கொசு கடித்த அளவுகூட வலிப்பதில்லை. முதல் நாள் மட்டும் கை நடுங்க அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இவர் அடுத்த அறையிலிருந்து "ஆச்சா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம் சனியும் ஞாயிறும் எனக்கு விடுமுறை என்பதுதான். எனக்குக் குமட்டல் ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் அதிகம். தாளிக்கும் வாசனையே ஆகாது. வத்தக் குழம்பு கொதிக்கையில் பால்கனியில் போய் நின்றேன் என்றால் நீ நம்புவாயா? அழுகிய முட்டையின் நாற்றத்தோடு ஒரு ஏப்பம் வரும். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத சங்கதி அது. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, கொய்யாப்பழம் எல்லாம் தோற்று, கடைசியில் மருந்தே வேண்டியதாயிற்று. டோஸ் கூட்டிய இரண்டு வாரத்துக்கு இவையெல்லாம் மீண்டும் தலைகாட்டிப் பிறகு அடங்கின.

ஆனால் குமட்டலைவிட என்னை அதிகம் தடுமாற வைத்தது, பசி ஓய்ந்துபோனதுதான். பதினோரு மணி இடைவேளையில் பிஸ்கட்டை நினைப்பதும், மதியச் சாப்பாட்டின்போதே மாலைப் பலகாரத்தை யோசிப்பதுமாக என் மண்டைக்குள் ஓயாமல் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது என்பதே, அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று அம்மாவும் நானும் என்னைத் திட்டியதெல்லாம் என்ன நியாயம் என்று ஒரு நாள் கோபமாகவே வந்தது. அதே சமயம், சாப்பாட்டின் மேல் ஆசையே இல்லாமல் தட்டைப் பார்ப்பதும் சுகமாக இல்லை. அன்னத்துவேஷம் என்று அம்மா சொல்வாளே, அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது.

ஆவணியில் தியாகராய நகர் மண்டபமொன்றில் இவருடைய அக்கா பேரனுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து பருப்புச் சோறு நான்கு வாய் சாப்பிட்டதும் கழுத்து வரை நிரம்பிவிட்டது. இலையில் அவியலும் உருளைக்கிழங்குக் கறியும் வடையும் அப்படியே இருக்க, பாயசக்காரர் கரண்டியோடு வந்து நிற்கிறார். வேண்டாம் என்று நான் கையைக் குறுக்கே நீட்டுவதற்குள் பக்கத்து இலையிலிருந்த பெரியம்மா, "ஊத்துப்பா, அவளுக்குப் பாயசம்னா உசிரு" என்று சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வாய் விழுங்கினால் அத்தனையும் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்ததால், பாயசம் ஓடி வழிவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவும் இடத்தில் அவர் பின்னாலேயே வந்து, "சொல்லு, ஏதாவது பெரிய வியாதியா?" என்று காதோடு கேட்டார். சர்க்கரை என்று சொன்னேன். உடனே அவர் முகம் கனிந்துவிட்டது.

எனக்குச் சர்க்கரை இல்லை, வசந்தா. ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் சோப்பு டப்பாவில் ஒளித்திருந்த பேனாவை வேலைக்கு வரும் அம்மா பார்த்துவிட்டுக் கேட்டபோதும் இதே பொய்யைத்தான் சொன்னேன். நம் ஊரில் சர்க்கரைக்கு ஊசி என்றால் அனுதாபம். எடைக்கு ஊசி என்றால், வாயைக் கட்ட முடியாமல் காசைக் கொட்டுகிறாள் என்று கேலி. எங்கள் பள்ளியிலேயே வேதியியல் ஆசிரியை ஒருவர் தினமும் டிபன் பாக்ஸில் பாதித் தயிர்சாதத்தை மிச்சம் வைத்து மூடுவதைக் கவனித்து, ஒரு நாள் மெதுவாக "எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த மூடி கீழே விழுந்துவிட்டது. நான்கு மாதம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் மறைத்திருக்கிறோம்.

இப்போது எடை 75. ஒரு இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், படியேறும்போது நிற்பதில்லை. இழப்பும் உண்டு: சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது, வேகமாக எடை குறைந்தால் அப்படித்தான் என்றும் பிறகு வளரும் என்றும் சொல்கிறார்கள். கொழுப்போடு தசையும் கரைகிறது என்பது அதைவிடப் பெரிய கவலை. ஆகையால் பசி இல்லாவிட்டாலும் முதலில் முட்டை வெள்ளை, சுண்டல், பனீர், அதன் பிறகுதான் சோறு என்று வைத்திருக்கிறேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் பதினைந்து முறை செய்கிறேன். உன் முழங்காலுக்கு எது ஏற்றது என்று பிசியோதெரபி செய்பவரிடம் கேட்டுக்கொள்.

செலவைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் வாங்கிய 5 மில்லிகிராம் பேனா ஒன்று 16,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. செப்டம்பரில் ஒரு மருந்துக்கடையில் வீட்டுக்கே அனுப்பச் சொன்னேன். மதிய வெயிலில் பையன் கொண்டுவந்து கொடுத்த பெட்டியில் ஐஸ் பை உருகித் தண்ணீராகி, பேனா வெதுவெதுப்பாக இருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள் எத்தனை நேரம் எத்தனை சூட்டில் கிடந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா" என்றார்கள், திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அதைப் போட்டுக்கொள்ளப் பயந்து தூக்கிப்போட்டேன். அன்றிலிருந்து வாய் அகன்ற பிளாஸ்கில் ஐஸ் பையோடு நானே கடைக்குப் போய் வருகிறேன். ஐஸ் பை பேனாவின் மேல் நேராகப் படாமல் துணி சுற்ற வேண்டும், மருந்து உறைந்தாலும் வீண்தான். செமாகுளூடைட் என்ற இன்னொரு மருந்தின் காப்புரிமை 2026 மார்ச்சோடு இந்தியாவில் முடிகிறது. அதன் பிறகு நம் கம்பெனிகளும் அதைக் குறைந்த விலையில் கொண்டுவர முடியும். அதற்காக இணையத்தில் யாரோ பாதி விலைக்குத் தருவதை மட்டும் வாங்காதே.

எப்போது நிறுத்துவது என்று கேட்பாய். அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. செமாகுளூடைட்டை நிறுத்தியவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், இழந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதையும் நீண்டகால மருந்தாகவே நினைக்கச் சொல்கிறார் என் மருத்துவர். இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவளுக்கு அப்படி நினைப்பது சுலபமாக இல்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சர்க்கரைக்குக் கிளிமிப்ரைடு மாத்திரை போடுகிறாய். ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம், ஆகையால் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று முதலிலேயே கேள். கணையத்தில் அழற்சி வந்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்பதையெல்லாம் உன் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீயே சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவையன்று மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசியைப் பற்றி மறைக்காதே. வயிறு மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தாலும் உள்ளே உணவு தங்கியிருந்து மயக்கத்தில் மூச்சுக்குழலில் ஏறிவிடக்கூடும். கடைசி ஊசி எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாசி மகத்துக்கு நாங்கள் கும்பகோணம் வருகிறோம். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வருவதால் பிளாஸ்கும் கூடவே வரும். உன் ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வை. காபி எனக்கு அரை டம்ளர் போதும். டப்பாவில் என்ன என்று உன் மருமகள் கேட்டால் என்ன சொல்வது என்பதை நாம் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
சுகுணா